கம்பியை மெலிய வைத்தவர்கள்

பிள்ளைகளே, உங்கள் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டு, பூங்கொத்துத் தந்து, "அன்ரி, உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். நான் பேச எழும்புவதற்கு முன் தேநீர் ஊற்றப்போன தம்பி ஒருவரின் கையோடு கேத்திலின் பிடி கழன்று வந்தது. "சைனாச் சாமான் அன்ரி, அப்பிடித்தான் இருக்கும்" என்றார் அவர். மண்டபம் முழுக்கச் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாராவது சிரித்திருந்தால் விட்டிருப்பேன். இறக்குமதிச் சாமான்களின் தரம் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிற நீங்கள் சிரிக்கிறீர்கள்! அன்றைக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் மரியாதை கொஞ்சம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைனாவுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ரொறன்ரோவுக்கு வந்து முதலில் செய்த வேலை ஸ்காபரோவில் ஒரு மின்விளக்குத் தொழிற்சாலையில். கம்பிக்கு ஈயம் பற்றவைக்கிற வேலை. ஊரில் பௌதிகம் படிப்பித்த கை, இங்கே பற்றாசுக்கோல் பிடித்தது. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை, சம்பளம் ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு நாள் மெசின்களைக் கழற்றி மரப்பெட்டிகளில் ஆணி அடித்து அடைத்தார்கள். எங்கே போகிறது என்று கேட்டால், சைனாவுக்கு என்றார்கள். வேலை போன எல்லாரும் சைனாக்காரனைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். நானும்தான் திட்டினேன். பெட்டியில் ஆணி அடிக்கச் சொன்னவர் ஒஷாவாவில் வீடு வைத்திருந்த எங்கள் முதலாளி என்பதை அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

பிறகு மார்க்கம் நகரத்துப் பக்கத்தில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுக்குச் சேர்ந்தேன். விளக்கு, விசிறி, கேத்தில், சூடாக்கி, எல்லாம் சைனாவிலிருந்து வரும். கப்பலில் வன்கூவர், அங்கிருந்து ரயிலில் ரொறன்ரோ. நாடு முழுக்கக் கிளை வைத்திருந்த ஒரு கடை நிறுவனம்தான் எங்களிடம் அதிகம் வாங்கியது. கடைக்காரர் எங்கள் கழுத்தைப் பிடிப்பார், நாங்கள் சென்சென் நகரத்துத் தொழிற்சாலைக்காரரின் கழுத்தைப் பிடிப்போம். அந்தக் காலத்தில் உலக வர்த்தகம் என்று பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்ட சங்கதி எங்கள் கந்தோரில் இப்படித்தான் நடந்தது.

அந்தத் தொழிற்சாலையின் ஆளாக ரொறன்ரோவில் இருந்தவள் லின். என் வயதுக்காரி. கணவரை இழந்தவள். ஒரே மகளை, பால் பல் விழாத வயதில், அங்கே தமக்கையோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். தொழிற்சாலைதான் அவளுக்கு வேலை விசா எடுத்துக் கொடுத்திருந்தது. அந்த வேலையில் நின்று பிடித்தால் நிரந்தர வதிவிடம் கிடைக்கும், பிறகு மகளைக் கூப்பிடலாம். வேலை போனால் எல்லாம் முதலிலிருந்து. இதை எங்களுக்கு யாராவது விளங்கப்படுத்த வேண்டுமா? உறவினரைக் கூப்பிடப் போடும் ஸ்பொன்சர் என்ற சொல்லை நித்திரையிலும் உச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் நானும் அவளும் கதைத்ததில் பாதி அதுதான். எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் அப்படி இப்படித்தான், அதனால் எங்கள் பேச்சை என் தமிழிலேயே தருகிறேன்.

இனி அந்த விருந்துக்கு வருகிறேன்.

கிறிஸ்மஸ் கால அலங்கார விளக்குச் சரத்துக்கு விலை பேச, தொழிற்சாலைச் சொந்தக்காரர் ஹொங்கொங்கிலிருந்து வந்திருந்தார். ஸ்காபரோவில் ஒரு சீன உணவகத்தில் சுழலும் மேசை. எங்கள் கொள்முதல் மனேஜர், தொழிற்சாலைச் சொந்தக்காரர், மொழிபெயர்க்க லின், மாதிரிச் சரம் நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்குச் சொல்ல நான். அந்த மாதிரி உண்மையிலேயே நன்றாக இருந்தது. உள்ளே நல்ல தடிப்பான செப்புக் கம்பி. அன்று வெள்ளிக்கிழமை, நான் மச்சம் மாமிசம் தொடுவதில்லை. மேசையில் சுற்றிச் சுற்றி வந்த தாராவும் நண்டும் என்னைத் தாண்டித்தான் போயின. வெறும் சோறும் தேநீரும் எவ்வளவு நேரம் சாப்பிடலாம்? ஆகவே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மேசையில் லின்னைத் தவிர எல்லாவற்றையும் கேட்ட ஒரே ஆள் நான்தான்.

மனேஜர் விலையைச் சொன்னார். சொந்தக்காரரின் சிரிப்பு மாறவில்லை, ஆனால் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகளை வைத்துவிட்டார். லின் மொழிபெயர்த்தாள்.

"இந்த விலைக்கு இந்தக் கம்பி போட ஏலாது எண்டு சொல்லுறார். கம்பியை மெலிசாக்கினாத்தான் கட்டுப்படியாகும். மெலிசாக்கினா நல்லதில்லை எண்டும் சொல்லுறார்."

மனேஜர் நண்டுக் காலை உடைத்தபடி சொன்னார்: "எப்படிச் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டாம். விலை இதுதான். முடியாது என்றால் சொல்லுங்கள், செய்ய ஆயத்தமாக இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள்."

லின் என்னை ஒரு தரம் பார்த்தாள். நான் "மாதிரியில இருக்கிற கம்பிதான் வேணும்" என்று சொன்னேன். மனேஜர் என் பக்கம் திரும்பிச் சிரித்து, "அதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று மேசையைச் சுற்றிவிட்டார். சொந்தக்காரர் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார். ஓடர் முடிந்தது.

இலையுதிர் காலத்தில் கொன்ரெயினர்கள் வந்தன. களஞ்சியப் பொறுப்பாளர் ரிஸ்வான், யாழ்ப்பாணத்து முஸ்லிம், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் பெட்டியை உடைத்துத் தர, நான் ஒரு சரத்தை எடுத்து வெட்டிப் பார்த்தேன். உறை தடிப்பு, உள்ளே கம்பி தலைமயிர் மாதிரி. மின்சாரம் கொடுத்துவிட்டு மத்தியானம் வரை விட்டோம். கை வைக்க முடியவில்லை.

மனேஜரிடம் போனேன். மனிசன் அசையவில்லை.

"இது பண்டிகைக் காலச் சாமான். சனம் பின்னேரம் போடும், படுக்கப் போகும்போது அணைக்கும். கொஞ்சம் சூடானால் என்ன?"

அவருக்கு எங்கள் வீடுகள் தெரியாது. பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியும்தானே? இந்த விளக்குச் சரத்தை எங்கள் ஆட்கள் கிறிஸ்மசுக்கா வாங்கினார்கள்? கிறிஸ்மஸ் முடிய அரைவிலைக்கு அள்ளிக்கொண்டு போய் சுவாமிப் படத்தைச் சுற்றிக் கட்டுவார்கள். கட்டினால் கட்டினதுதான். இரவு பகல், கோடை குளிர், ஆளில்லாத வீட்டிலும் அது மின்னிக்கொண்டே இருக்கும். அணைப்பதற்கு மனம் வராது, அணைத்தால் ஏதோ குறை வந்துவிடும் என்ற பயம். கீழே பட்டுத் துணி, பக்கத்தில் காகிதப் பூமாலை, அதுவும் அடுக்குமாடியில் அலுமாரித் தட்டுக்குள். ஸ்காபரோவில் எத்தனை வீடுகளில் நான் கண்ணால் கண்டது! சாமான் செய்கிறவன் நினைக்கிற மாதிரியா சனம் பாவிக்கும்? அதை யோசிக்காதவனுக்குத் தரக்கட்டுப்பாடு என்ன கேடு?

"எங்கட கலியாண வீடுகள்லயும் உதுதான் அக்கா" என்றார் ரிஸ்வான். "ஒருக்காக் கட்டினா மாசக்கணக்கில கழட்டுறேல்ல. உதை வெளியில விட்டிடாதைங்கோ."

விட மாட்டேன் என்று நின்றேன். மனேஜர் குரலை உயர்த்தினார், பிறகு குழைந்தார், பிறகு என் வேலையைப் பற்றி மெதுவாக ஞாபகப்படுத்தினார். நான் நேரே நிறுவனத்தின் சொந்தக்காரரிடம் போய், எரிந்து சூடேறியிருந்த சரத்தை அவருடைய மேசையிலேயே வைத்து, தொட்டுப் பாருங்கள் என்றேன். தொட்ட விரலை உடனே இழுத்துக்கொண்டார். அத்தோடு சாமான் நின்றது.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் மார்தட்டிக்கொண்டு உங்களுக்கு எழுதியிருப்பேன். ஆனால் சாமான் நின்றால் யாராவது ஒருவர் தலையில் அதைக் கட்டத்தானே வேண்டும்? கடை நிறுவனம் கேள்வி கேட்டது. மனேஜர் ஒரே நாளில் கதையை மாற்றினார். மாதிரியில் நல்ல கம்பியைக் காட்டிவிட்டு, சைனாக்காரர்கள் சாமானில் மாற்றி எங்களை ஏமாற்றிவிட்டார்களாம். ரொறன்ரோவில் இருந்த அவர்களின் ஆளுக்கும் அது தெரிந்திருக்குமாம். ஆகவே நட்டம் முழுக்கத் தொழிற்சாலைக்கு, லின்னை உடனே இந்த வேலையிலிருந்து எடுக்க வேண்டும். கந்தோர் முழுக்கத் தலையாட்டியது. "உவங்கள் அப்பிடித்தான்" என்று எங்கள் தமிழ் ஆட்களே சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் என்னோடு முந்தி வேலை இழந்தவர்கள்!

இதை முடிவு செய்ய எங்கள் சொந்தக்காரர் கூட்டிய கூட்டத்துக்கு முதல் நாள் ரிஸ்வான் என்னைக் களஞ்சிய வாசலில் மறித்தார்.

"அக்கா, சாமானை நிப்பாட்டிட்டியள். உது காணும், அதுவே போதும். நாளைக்கு வாயைத் திறந்தியள் எண்டா உங்களையும் சேர்த்து அனுப்பிப்போடுவாங்கள்."

"அப்ப லின்? அவளின்ர பிள்ளை?"

"நான் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. யோசிச்சுக் கதையுங்கோ எண்டுதான் சொல்லுறன்."

யோசித்தேன். பிள்ளைப் பராமரிப்பு, வாடகை, என் கணவர் வேலை தேடிக்கொண்டிருந்த காலம், எல்லாம் யோசித்தேன். ஆனால் அந்த மேசையில் வெறும் சோற்றோடு இருந்தவள் நான். மற்றவர்கள் நண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் காது சும்மா இருக்கவில்லை. தெரிந்ததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது.

கூட்டத்தில் எங்கள் நிறுவனத்துச் சொந்தக்காரர், மனேஜர், லின், நான். மனேஜர் தன் கதையைச் சொல்லி முடித்ததும் நான் எழும்பினேன்.

"ஐயா, நானும் அந்த மேசையில இருந்தனான். இந்த விலைக்கு இந்தக் கம்பி வராது எண்டு அவை முகத்துக்கு நேரயே சொன்னவை. எப்பிடிச் செய்யிறியள் எண்டு எனக்குத் தெரிய வேண்டாம் எண்டு இவர்தான் சொன்னவர். இது ஏமாத்து இல்லை. நாங்கள் கேட்டதைத்தான் அவை செய்து அனுப்பியிருக்கினம்."

மனேஜர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. இரக்கமாகச் சிரித்தார். "பாவம், இவருடைய ஆங்கிலம் எங்களுக்குத் தெரியும்தானே. லின்னுடையதும் அப்படித்தான். இரண்டு பேரும் தவறாக விளங்கியிருக்கலாம்." வெள்ளைக்காரச் சிரிப்பு, மெத்தை மாதிரி. அதில் குத்தினாலும் சத்தம் வராது.

சொந்தக்காரர் லின்னைப் பார்த்தார். "நீதான் மொழிபெயர்த்தாய். சொல்லு. என்ன நடந்தது?"

நான் அவளைப் பார்த்தேன். சொல்லடி, சொல்லு, நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று மனதுக்குள் கத்தினேன். லின் எழுந்து நின்றாள். இரண்டு கையையும் முன்னால் கோர்த்தாள்.

"தொழிற்சாலையின் பிழை. மிகவும் வருந்துகிறோம். இனி நடக்காது."

மனேஜர் பேனையை மூடினார். கூட்டம் முடிந்தது.

வாகனத் தரிப்பிடத்தில் அவளைப் பிடித்தேன். கண்மண் தெரியாத ஆத்திரம் எனக்கு.

"விசரே உனக்கு? ஏன் பொய் சொன்னனீ? நான் உனக்காகத்தானே என்ர வேலையைப் பணயம் வைச்சுக் கதைச்சனான்!"

அவள் அழவில்லை. என் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு, நான் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலமை ஹொங்கொங்கில இருந்து முதலாளி போன் எடுத்தவர். பிழையை ஏற்றால் வாற வருஷமும் ஓடர் வரும். ஏற்காட்டி இவை வேற தொழிற்சாலைக்குப் போவினம். நாங்கள் சரி எண்டு நிரூபிச்சால் ஆர் எங்களிட்ட வாங்குவினம்? தொழிற்சாலையில தூர மாகாணங்களில இருந்து வந்த பெட்டையள், விடுதியில ஒரு அறையில எட்டுப் பேரா நிண்டு வேலை செய்யினம். எல்லாரும் வீட்டுக்குக் காசு அனுப்பிறவை. என்ர தமக்கையும் அங்கதான் வேலை. என்ர மகளுக்குச் சாப்பாடு போடுறது அந்தத் தமக்கை."

"அப்ப நீ?"

"என்னை எடுத்துப்போடுவினம்." பிறகு, என் கையைத் தொட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு நியாயம் வேணும். எங்களுக்கு ஓடர் வேணும். ரெண்டும் ஒண்டில்லை."

அவள்மேல் எனக்கிருந்த கோபம் போகவும் இல்லை, போக இடமும் இல்லை. அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்றும் மனமில்லை. பிழை என்று சொல்ல வாயும் வரவில்லை.

லின்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னை எடுக்கவில்லை. சரத்தை நிறுத்தியவளை அந்த நேரம் அனுப்பினால் கடைக்காரர் கேள்வி கேட்பார் என்ற பயம் அவர்களுக்கு. மனேஜருக்கு, வழங்குநரைக் கண்டிப்பாகக் கையாண்டார் என்று பாராட்டு.

அடுத்த வருடம் கொள்முதல் கூட்டம். அதே சரம். அதே தொழிற்சாலை. போன வருடத்தை விடக் குறைந்த விலைக்குக் கேட்கப் போகிறார்கள். நான் கேட்டேன், எல்லார் முன்னாலும்தான் கேட்டேன்:

"ஏமாத்தினவை எண்டால் திரும்ப ஏன் அவையிட்டயே வாங்குறியள்?"

எல்லாரும் தங்கள் கடதாசிகளைப் புரட்டினார்கள். கடைசியில் மனேஜர், "அவர்கள் பாடம் படித்துவிட்டார்கள்" என்றார்.

பாடமாம்! அன்றைக்குத்தான் என் தொழில் எனக்கு விளங்கியது. பெட்டி வந்தபிறகு உடைத்துப் பார்ப்பது மட்டும் எங்கள் வேலை இல்லை, பிள்ளைகளே. கம்பி மெலிவது சென்செனில் இல்லை, விலை பேசுகிற மேசையில். அன்றிலிருந்து விலை பேசும் இடத்தில் நானும் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். முணுமுணுத்தார்கள், முகம் சுளித்தார்கள், கடைசியில் விட்டார்கள். ஒவ்வொரு முறையும் நல்ல கம்பித் துண்டையும் மெலிந்த கம்பித் துண்டையும் மேசையில் வைத்து, "இந்த விலைக்கு எது வரும் என்று இப்பவே சொல்லுங்கோ, எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கோ" என்று கேட்பேன். அந்த வருடம் சரத்தின் விலை கூட்டித்தான் எழுதப்பட்டது. மனேஜருக்கு என்னைக் கண்டால் ஆகாது. ஆகாவிட்டால் போகட்டும். நீங்களும் அந்த மேசையில் போய் இருங்கள். கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாமலே போங்கள்.

லின் ஸ்காபரோவில் உறைந்த கொழுக்கட்டை செய்கிற ஒரு சீனத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த முதலாளி அவளுக்காகப் புதிதாக விண்ணப்பம் போட்டார். எல்லாம் முதலிலிருந்து. காத்திருப்பு, நேர்முகம், மறுபடி காத்திருப்பு. தொண்ணூறுகள் முடிகிற நேரத்தில்தான் மகளுக்கு விசா வந்தது. லின்னிடம் கார் இல்லை. ரிஸ்வானின் வான் வண்டியில் மூன்று பேரும் விமான நிலையம் போனோம். புதுக் கோட்டுப் போட்டிருந்தாள், தலையை இரண்டு தரம் வாரினாள், சந்தோசத்தில் என்னோடு சீனத்தில் கதைத்துக்கொண்டிருந்தாள், அது அவளுக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது. பயணப்பெட்டியை இழுத்துக்கொண்டு பிள்ளை வந்தாள். தாயை விட உயரம். எங்களை நோக்கித்தான் நடந்து வந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, தாயைத் தேடிக்கொண்டு, தாயைத் தாண்டிப் போனாள்.

"யா அல்லாஹ்" என்றார் ரிஸ்வான்.

லின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிள்ளை திரும்பி வந்து நின்றாள். கட்டிப்பிடிக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், மெதுவாகத் தாய்க்குக் கை கொடுத்தாள். லின் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

எனக்கு அந்த மண்டபத்தின் நடுவில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அந்தக் கம்பியை மெலிய வைத்து ஒரு சரத்தில் மிச்சம் பிடித்தது சில சதம். அந்தச் சதத்தைப் பையில் போட்டவர்களுக்கு இப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது.